40 ஆயிரத்துக்கு மாருதி 800, இன்ஜின் சூடாகிறது: வாங்கலாமா?

கேள்வி: 2009 மாடல், பாடியில் துரு இல்லை. கொஞ்ச தூரம் ஓடினாலே டெம்பரேச்சர் முள் ஏறிவிடுகிறது, வெள்ளைப் புகையும் வருகிறது. தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) மாற்றினால் போதும் என்கிறார் விற்பவர். நம்பலாமா அண்ணா?

பதில்: ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள் தம்பி. உள்பக்கம் பால் காபி நிறத்தில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. அப்புறம் இன்ஜின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள், விடாமல் குமிழி வந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) போயிருக்கும். சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் தொடவே தொடாதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

பதில்: கேஸ்கட்டோடு முடியாது. அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்து ஃபேஸ் அடிக்க (அடிப்பக்கத்தைச் சமமாகச் சீவ) வேண்டும், இல்லையென்றால் புது கேஸ்கட்டும் நிற்காது. மூன்று சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ளே அழுத்தம் சரியாக நிற்கிறதா என்று) பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

பதில்: ஆர்.சி.யைப் பார்த்தீர்களா? 15 வருடம் தாண்டிய வண்டி, புதுப்பித்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் கொடுத்தால் அந்தச் செலவும் அலைச்சலும் உங்கள் தலையில்தான்.

கேட்டவர்: பார்த்துவிட்டேன், பால் காபி நிறமேதான். ஆர்.சி.யும் புதுப்பிக்கவில்லை. 20 ஆயிரத்துக்குத் தந்தால் எடுக்கிறேன், இல்லையென்றால் வேண்டாம்.