மேல் பஞ்சமத்தில் தொண்டை இறுகுகிறது, உதவுங்கள்

கேட்பவர் (மஞ்சக்குப்பம், கடலூர்):
வணக்கம். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தேவாரக் குழுவோடு பாடுகிறேன், வயது 34. ஹார்மோனியத்தில் சுருதி ஐந்தரைக் கட்டை வைப்பார்கள் (கட்டை எண் கூடினால் சுருதி உயரும்). மேல் ஷட்ஜம் (மேல் ஸ்தாயி 'ச') வரை சுத்தமாக வருகிறது. அதற்கு மேல் காந்தாரம் ('க') தாண்டினால் தாடை இறுகி, கழுத்து நரம்பு புடைத்து, கத்துவது போல ஆகிவிடுகிறது. பஞ்சமத்தில் ('ப') குரல் உடைகிறது. மறுநாள் பேசினாலே கரகரப்பு. சரியாக வரட்டும் என்று மேல் ஸ்தாயியிலேயே கூடுதலாகச் சாதகம் (பாட்டுப் பயிற்சி) செய்கிறேன். மிளகு, பனங்கற்கண்டு எல்லாம் பார்த்தாயிற்று. கள்ளக்குரலில் (மெல்லிய பொய்க்குரலில்) பாட விருப்பமில்லை.

பாட்டு டீச்சர், புதுச்சேரி:
முதலில் அந்தக் கூடுதல் சாதகத்தை நிறுத்துங்கள் அம்மா. சுருதி ஏற ஏற குரல் நாண்கள் நீண்டு மெலிய வேண்டும். நீங்கள் காற்றை முட்டித் தள்ளும்போது அவை இறுகி மூடிக்கொள்கின்றன, மெலிய வழியில்லை. அதனால் மேலே போகும்போது காற்றைக் குறைக்க வேண்டும், கூட்டக் கூடாது. பலரும் நேர்மாறாகத்தான் செய்கிறார்கள்.

ஐந்தரைக் கட்டையில் மேல் பஞ்சமம் நொடிக்குச் சுமார் 620 அதிர்வுகள். நாலு கட்டையில் சுமார் 520தான். வீட்டில் நாலு கட்டை வைத்துப் பாடிப் பாருங்கள். அதில் பஞ்சமம் இதமாக வந்தால் உங்கள் குரலில் குறையில்லை, கட்டைதான் பொருந்தவில்லை.

பயிற்சிக்கு ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ரா ஒன்று போதும். டம்ளரில் பாதி தண்ணீர், ஸ்ட்ராவின் நுனி இரண்டு விரற்கடை உள்ளே. 'ஊ' என்று ஊதிக்கொண்டே கீழிருந்து மேலே வழுக்கிப் போய்த் திரும்புங்கள். குமிழி சீராக வர வேண்டும். தண்ணீர் திருப்பித் தரும் அழுத்தம் நாண்கள் அதிகம் மோதாமல் தாங்கிக்கொள்ளும். அப்புறம் அதே இடத்தை அகாரத்தில் ('ஆ' என்று), பக்கத்து அறைக்குக் கேட்காத அளவில் பாடுங்கள். கண்ணாடி முன்னால் நின்றால் முகவாய் மேலே தூக்குவது உடனே தெரியும். மேலே 'ஈ' வந்தால் பல்லை இறுக்காமல் தாடையை லேசாக இறக்குங்கள்.

தேவாரம் பயிலும் தம்பி, கூத்தப்பாக்கம்:
அக்கா, எங்கள் ஐயா காலையில் மந்தர (கீழ்) ஸ்தாயியில்தான் தொடங்கச் சொல்வார். மேலே ஒவ்வொரு ஸ்வரமாக ஏறி, இறுக்கம் தெரிந்ததும் அங்கேயே திரும்பிவிட வேண்டும். எனக்கு மேல் மத்யமம் அப்படித்தான் பிடிபட்டது. நேராகப் பஞ்சமத்தில் போய் இடிக்காதீர்கள்.

கேட்பவர்:
நன்றி. நாலு கட்டையில் நிஜமாகவே வந்தது! ஆனால் குழுவில் எனக்காகச் சுருதியைக் குறைக்கச் சொல்வது எப்படி? மிளகை விட்டுவிடலாமா?

பாட்டு டீச்சர்:
தாராளமாகக் கேளுங்கள். ஹார்மோனியத்தில் ஷட்ஜத்துக்கு வேறு கட்டையைப் பிடித்தால் முடிந்தது. உங்களோடு பாடும் இன்னும் சிலருக்கும் அது நிம்மதியாக இருக்கும். அதுவரை உச்ச வரியில் குரலைத் தணித்துச் சேர்ந்துகொள்ளுங்கள், மற்றவர்கள் தாங்குவார்கள்.

மிளகு உணவுக்குழாயில் போகிறது, நாண்களைத் தொடுவதில்லை. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிப்பதே மேல். தொண்டையைச் செருமாதீர்கள்.

பாட்டை நிறுத்தி ஓய்வு கொடுத்தும் கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது. சிறு குழாய்க் கேமரா வைத்து நாண்களில் முடிச்சு இருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள். அது தெரியாமல் எந்தப் பயிற்சியையும் கூட்ட வேண்டாம்.