டோக்கியோவிலிருந்து ஜப்பான் ஆல்ப்ஸ் வரை: முதல் முறை போகிறவர்களுக்குப் போய் வந்தவர்கள் சொல்வது

கேள்வி

டோக்கியோவில் சில நாள். பிறகு மட்சுமோட்டோ, காமிகோச்சி, தகயாமா, ஷிரகாவா-கோ, கனசாவா வழியாகச் சுற்றி மீண்டும் டோக்கியோ. அக்டோபர் கடைசி வாரம். எங்களில் இருவர் சைவம், கூடவே பெரிய பெட்டிகள். ஜே.ஆர். ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு விருப்பம்போல் பயணம் செய்ய உதவும் ஜே.ஆர். பாஸ் வாங்குவதா வேண்டாமா? இந்த வழி தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவி.

மறுமொழி 1

பாஸ் வேண்டாம். 7 நாள் ஜே.ஆர். பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யெனிலிருந்து ஒரே தாவலில் 50,000 யென் ஆகிவிட்டது. உங்கள் வழியில் பெரிய ரயில் செலவு இரண்டுதான். டோக்கியோவின் ஷிஞ்சுகு நிலையத்திலிருந்து மட்சுமோட்டோ போகும் ‘அசுசா’ விரைவு ரயில் சுமார் 7,000 யென், கனசாவா–டோக்கியோ சின்கான்சென் (அதிவேக ரயில்) சுமார் 14,000 யென். நடுவில் உள்ள மலைப் பகுதி முழுவதும் தனியார் பேருந்தும் தனியார் சிறு ரயிலும்தான், அங்கே ஜே.ஆர். பாஸ் செல்லாது. கணக்கு எந்தப் பக்கமும் 50,000-ஐத் தொடாது. பாஸ் வாங்கச் சொல்லும் பழைய யூடியூப் வீடியோக்கள் எல்லாம் விலையேற்றத்துக்கு முந்தையவை.

டிக்கெட் முறையை முதலில் புரிந்துகொள்ளுங்கள். விரைவு ரயிலுக்கு இரண்டு பகுதிகளாகப் பணம் வாங்குவார்கள்: தூரத்துக்கான அடிப்படைக் கட்டணம், அதன் மேல் விரைவுக் கட்டணம். இரண்டும் ஒரே சீட்டில் வரலாம், தனித்தனியாகவும் வரலாம். இரண்டு சீட்டு கையில் இருந்தால் கேட்டில் இரண்டையும் சேர்த்தே நுழைக்க வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் கதவு மூடிக்கொள்ளும். இந்த வரிசையில் மாட்டிக்கொண்டு நிற்கிறவர்களில் பாதிப் பேர் முதல் முறை வந்தவர்கள்.

அசுசாவில் முன்பதிவில்லாப் பெட்டியே கிடையாது. இருக்கைக்கு மேல் சின்ன விளக்கு இருக்கும்: சிவப்பு என்றால் காலி, மஞ்சள் என்றால் சீக்கிரம் ஆள் வருவார், பச்சை என்றால் விற்றாயிற்று. நம் ஊர்ப் பழக்கத்தில் பச்சையைப் பார்த்து உட்கார்ந்துவிடாதீர்கள். மட்சுமோட்டோ போகும்போது இடப்பக்க ஜன்னல் கேளுங்கள். வானம் தெளிவாக இருந்தால் கோஃபு சமவெளியை ஒட்டி ஃபூஜி மலை தலைகாட்டும்.

மறுமொழி 2

ஐசி கார்டு, அதாவது பணம் ஏற்றி வைத்துக் கேட்டில் தட்டிப் போகும் கார்டு பற்றி. சுயிகா, பாஸ்மோ எதுவானாலும் டோக்கியோவில் ரயில், பேருந்து, கடை, தானியங்கி இயந்திரம் எல்லாவற்றுக்கும் ஓடும். சுற்றுலாப் பயணிகளுக்கான வெல்கம் சுயிகாவுக்கு டெபாசிட் இல்லை. 28 நாளில் காலாவதி, மீதிப் பணம் திரும்பாது. சாதாரண சுயிகாவுக்கு 500 யென் டெபாசிட். எதிலும் அதிகபட்ச இருப்பு 20,000 யென். பிளாஸ்டிக் கார்டில் பணம் ஏற்ற ரொக்கம் வேண்டும். ஐபோனில் சுயிகாவை வாலட்டிலேயே சேர்க்கலாம். ஜப்பானுக்கு வெளியே வாங்கிய ஆண்ட்ராய்டு போன் பெரும்பாலும் இதற்கு உதவாது.

எங்கே உதைக்கும் என்றால், எல்லை தாண்டும்போது. ஐசி கார்டு பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பகுதியில் தட்டி ஏறி இன்னொரு பகுதியில் தட்டி இறங்க முடியாது. அப்படிச் செய்தால் வெளியேறும் கேட் திறக்காது. ஊழியரிடம் ரொக்கமாகக் கட்டி, உள்ளே நுழைந்ததைக் கார்டில் ரத்து செய்ய ஒரு துண்டுச்சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதுவரை கார்டு வேறெங்கும் வேலை செய்யாது. நீண்ட தூரம் என்றால் காகிதச் சீட்டுதான் நல்லது.

ஷிஞ்சுகு நிலையத்துக்கு 200-க்கும் மேல் வாசல்கள். ‘ஷிஞ்சுகுவில் சந்திப்போம்’ என்று சொன்னால் சந்திக்கவே மாட்டீர்கள். வாசலின் பெயரைச் சொல்லுங்கள். ஜே.ஆர். நிலையங்களில் மஞ்சள் பலகை வெளியேறும் வழி. கூகுள் மேப்ஸ் சொல்லும் வாசல் எண்ணை ரயிலிலிருந்து இறங்கும் முன்பே பார்த்து வையுங்கள், நிலத்தடியில் நீலப் புள்ளி சரியாக நிற்காது. தவறான வாசலில் ஏறிவிட்டால் திரும்ப 15 நிமிடம் போய்விடும். அசுசா நாளில் அரை மணி முன்னதாக நிலையத்துக்குள் இருங்கள்.

ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும், திரும்பத் தொடங்குவது காலை நாலரை, ஐந்துக்கு. டாக்சி கட்டணம் இரவில் கூடும். கடைசி ரயில் நேரத்தை விடுதியை விட்டுக் கிளம்பும் முன்பே பாருங்கள்.

மறுமொழி 3

பெட்டியைப் பற்றிக் கேட்டவருக்கு: மலைக்குப் பெட்டியைத் தூக்கிப் போகாதீர்கள், அனுப்பிவிடுங்கள். தக்யூபின் என்று சொன்னால் எந்த ஹோட்டல் வரவேற்பு மேசையும் படிவம் கொடுக்கும். டோக்கியோ ஹோட்டலில் கொடுத்து, தகயாமா ஹோட்டலுக்கு அனுப்புங்கள். மட்சுமோட்டோவுக்கும் காமிகோச்சிக்கும் முதுகுப்பை மட்டும் போதும்.

படிவத்தில் எழுத வேண்டியவை: போய்ச் சேரும் ஹோட்டலின் பெயர், முகவரி, தொலைபேசி எண், நீங்கள் அறை பதிவு செய்த அதே எழுத்தில் பெயர், அறைக்குள் நுழையும் தேதி. பெயர் பதிவில் ஒன்றும் படிவத்தில் ஒன்றுமாக இருந்தால் ஹோட்டல் வாங்க மறுக்கலாம். பெரும்பாலும் மறுநாளே சேரும், ஆனால் மலைப்பக்கம் என்பதால் இரண்டு நாள் இடைவெளி வையுங்கள். கட்டணம் எடையை மட்டும் வைத்து அல்ல. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டிய சென்டிமீட்டரையும் பார்ப்பார்கள். கூட்டு 160 வரை, எடை 25 கிலோ வரை ஒரு படி. ஒரு பெரிய பெட்டிக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் யென் ஆகும். பாஸ்போர்ட், பணம், மாத்திரை இவற்றைப் பெட்டியில் வைக்கக் கூடாது. பாஸ்போர்ட் எப்போதும் உங்களிடம் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம்.

நிலைய லாக்கரை நம்பித் திட்டம் போடாதீர்கள். பெரிய அளவு லாக்கர் விடுமுறை நாளில் காலை 10 மணிக்குள் நிரம்பிவிடும்.

மறுமொழி 4

காமிகோச்சி சுமார் 1,500 மீட்டர் உயரம். தனியார் வண்டிக்கு அனுமதி இல்லை. பேருந்து, டாக்சி மட்டும். ஏப்ரல் பிற்பாதியில் திறந்து நவம்பர் 15-இல் மூடுகிறார்கள், ஆகவே அக்டோபர் கடைசி சரியான காலம். ஊசியிலை மரமான கராமட்சு அப்போது பொன்னிறமாகும். உயரம் 100 மீட்டர் கூடினால் சுமார் 0.6 டிகிரி குறையும். டோக்கியோவில் 18 டிகிரி என்றால் இங்கே 9, விடியலில் இன்னும் கீழே. டோக்கியோவில் சட்டையோடு திரிந்துவிட்டு அப்படியே வந்து இறங்குகிறவர்கள் கப்பா பாலத்தில் பத்து நிமிடம் நிற்க முடியாமல் கடைக்குள் ஒதுங்குவார்கள்.

மட்சுமோட்டோவிலிருந்து சிறு ரயிலில் ஷின்-ஷிமாஷிமாவுக்கு அரை மணி, அங்கிருந்து பேருந்து ஒரு மணிக்குச் சற்று மேல். கடைசி நிறுத்தத்துக்குப் போகாமல் தைஷோ குளத்தில் இறங்குங்கள். 1915-இல் யாகே-டாகே எரிமலை வெடித்து ஆற்றை மறித்ததால் உண்டான குளம் அது. அங்கிருந்து ஆற்றோடு மேலே நடந்தால் ஒரு மணி சொச்சத்தில் கப்பா பாலம். பாதை ஏறக்குறைய சமதளம். மேலே மியோஜின் வரை போய்வர இன்னும் இரண்டு மணி.

திரும்பும் பேருந்துக்கு வந்தவுடனேயே ஏற்பாடு செய்யுங்கள். பகல் 2 மணிக்கு மேல் வரிசை நீளும். கடைசிப் பேருந்து போய்விட்டால் டாக்சி பிடித்துச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். உள்ளே வரும் ஒரே வழியான காமா சுரங்கப்பாதையை இரவில் மூடிவிடுவார்கள். டோக்கியோவில் ஒரு ரயில் போனால் 4 நிமிடத்தில் அடுத்தது. இங்கே போனால் மறுநாள் காலைதான்.

கழிப்பறைகளில் 100 யென் நாணயம் போடச் சொல்வார்கள், சில்லறை வைத்திருங்கள். குப்பைத் தொட்டி கிடையாது. கரடி உள்ள இடம். மணி ஒன்று பையில் கட்டிக்கொள்ளுங்கள், தகவல் மையப் பலகையில் அண்மையில் எங்கே தென்பட்டது என்று எழுதியிருக்கும். குரங்குகள் பாதையிலேயே உட்கார்ந்திருக்கும். உணவு காட்டாமல் கடந்து போய்விடுங்கள்.

இன்னொன்று: மட்சுமோட்டோவுக்குத் திரும்பாமல், காமிகோச்சியிலிருந்து ஹிராயு ஒன்சென் என்ற வெந்நீரூற்று ஊர் அரை மணி, அங்கே பேருந்து மாறி தகயாமா ஒரு மணி. ஒரே நாளில் மலையைக் கடந்துவிடலாம். பெட்டியை முன்னரே அனுப்பியிருந்தால்தான் இது சுகம்.

மறுமொழி 5

பஸ்ஸிலே காசு கட்டுவது எப்படி என்று ஒருவரும் எழுதவில்லை. ஊர் பஸ்களில் ஏறும்போது வாசலில் உள்ள பெட்டி ஒரு சின்ன இலக்கச் சீட்டுத் தரும். அதை எடுக்காமல் ஏறினால் தொடக்க இடத்திலிருந்து முழுக் காசும் கேட்பார்கள். முன்னால் சாரதிக்கு மேலே உள்ள திரையில் உங்கட இலக்கத்துக்குக் கீழே தொகை ஏறிக்கொண்டு வரும். இறங்க முதல் பொத்தானை அமத்துங்கோ, சீட்டையும் சரியான காசையும் சேர்த்துப் பெட்டிக்குள் போடுங்கோ. மிச்சம் தராது. பக்கத்தில் உள்ள மாற்று இயந்திரம் நாணயமும் 1,000 யென் தாளும்தான் எடுக்கும், 5,000, 10,000 எடுக்காது. இறங்குகிற நேரம் மாற்றினால் பின்னுக்கு நிற்கிற எல்லாரும் காத்திருக்க வேண்டும். சிவப்பு விளக்கில் பஸ் நிற்கேக்க மாற்றி வையுங்கோ. 2024 ஜூலையில் புதுத் தாள்கள் வந்தன. பழைய இயந்திரம் சிலது புதுத் தாளை இன்னும் எடுக்காது, ராமென் கடை டிக்கெட் இயந்திரமும் அப்படித்தான்.

காசு எடுக்க செவன்-இலெவன் ஏடிஎம், தபால் நிலைய ஏடிஎம் இரண்டும் வெளிநாட்டு கார்டை எடுக்கும். மலைக்கு ஏற முதல் மட்சுமோட்டோவிலேயே எடுத்து வையுங்கோ.

மறுமொழி 6

சைவம் உண்பவர்களுக்கு. சிக்கல் இறைச்சியில் இல்லை, தாஷி என்ற சாறில். கட்சுஓ என்ற மீனைக் காயவைத்துச் சீவி எடுத்த இந்தச் சாறு சூப், சோபா நூடுல்ஸின் தொடுகுழம்பு, வேகவைத்த காய், முட்டை வறுவல் எல்லாவற்றிலும் இருக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் மீன் தருவார்கள். ‘மீனும் வேண்டாம்’ என்றால் மீன்சாறில் வெந்த காய் தருவார்கள். அவர்கள் கணக்கில் அது மீன் அல்ல. கட்சுஓ தாஷியும் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

ரியோகான் என்ற மரபு விடுதியில் இதை வந்த அன்று மாலை சொன்னால் பயனில்லை, பலர் மதியமே சாறு காய்ச்சிவிடுவார்கள். அறை பதிவு செய்யும்போதே எழுதுங்கள், ஒரு வாரம் முன்பு மீண்டும் உறுதி செய்யுங்கள். முடியாது என்று பதில் வந்தால் இரவுச் சாப்பாடு இல்லாத அறை எடுப்பது இருவருக்கும் நிம்மதி. தகயாமாவில் கோவில் முறைச் சைவ உணவான ஷோஜின் ரியோரி கிடைக்கும். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

கடையில் வாங்கும் பொட்டலத்தில் ஒவ்வாமைப் பட்டியலை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பால், முட்டை, கோதுமை, இறால், நண்டு கட்டாயம் அச்சாகும். மீன் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. போன் கேமரா மொழிபெயர்ப்பில் முழுச் சேர்மானத்தையும் படியுங்கள். ஒனிகிரி என்ற சோற்று உருண்டையில் உமே, அதாவது ஊறுகாய்ப் பழம் வைத்தது, ஓரளவு பாதுகாப்பு. கொம்பு என்ற கடற்பாசி வைத்த ஒனிகிரியில் பல நேரம் கட்சுஓ சாறு சேர்ந்திருக்கும். தகயாமா தெருவில் சுட்டுத் தரும் மிதராஷி தாங்கோ என்ற அரிசிமாவு உருண்டை வெறும் சோயா சாஸ் பூசியது. டோக்கியோவில் கிடைக்கும் இனிப்பு வகையை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான், எனக்கு இதுதான் மேல்.

ஊரிலிருந்து கறிவேப்பிலை, பழம் எடுத்துப் போகாதீர்கள். செடி, இலை எதற்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். பொடி, அப்பளம் பரவாயில்லை. இறைச்சி சேர்ந்த எதையும் தொட வேண்டாம்.

மறுமொழி 7

தகயாமாவின் நாள் காலையில் இருக்கிறது. மியாகவா ஆற்றங்கரைச் சந்தை 7 மணிக்குத் தொடங்கி நண்பகலில் முடியும். சன்மாச்சி பழைய தெருக் கடைகள் மாலை 5 மணியோடு கதவடைக்கும். டோக்கியோ மாதிரி இரவு ஏழு மணிக்கு நிதானமாகக் கிளம்பினால் இருட்டுத் தெருவைத்தான் பார்ப்பீர்கள். அக்டோபர் விழா 9, 10 தேதிகளில், நீங்கள் போகும்போது முடிந்திருக்கும். அதனால் அறை கிடைப்பது எளிது.

ரியோகானில் இரவுச் சாப்பாடு 6 அல்லது ஆறரைக்கு. தாமதமானால் தொலைபேசியில் சொல்லியே ஆக வேண்டும். செருப்பு வாசலில், உள்ளே கொடுக்கும் செருப்பைத் தத்தாமிப் பாய்க்கு முன் கழற்றுங்கள், கழிப்பறைச் செருப்பு தனி, அதோடு நடைக்கு வந்துவிடாதீர்கள். விடுதியில் தரும் பருத்தி அங்கியான யுகாதாவில் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வர வேண்டும். மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கு.

ஒன்சென் என்ற வெந்நீரூற்றுக் குளத்தில் உடையில்லாமல்தான். முதலில் சிறு முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுதாகக் கழுவ வேண்டும், பிறகே தண்ணீரில் இறங்கலாம். குளம் ஊறுவதற்கு, குளிப்பதற்கு அல்ல. சிறு துண்டைத் தண்ணீரில் விடக் கூடாது. தலைமேல் மடித்து வைப்பார்கள். பச்சை குத்தியிருந்தால் முன்பே கேளுங்கள். கூச்சமாக இருந்தால் குடும்பத்துக்கென்று தனியாக எடுக்கும் குளம் பல இடங்களில் உண்டு.

மட்சுமோட்டோ கோட்டைக்கு ஒரு குறிப்பு: உள்ளே மரப்படிகள் சில இடத்தில் 61 டிகிரி சாய்வு. செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் தூக்கிக்கொண்டே ஏற வேண்டும். வழுக்கும் காலுறை, புடவை, மூட்டுவலி இந்த மூன்றுக்கும் ஆகாது. வெளியே அகழியைச் சுற்றி நடப்பதே போதும் என்பவர்கள் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை.

மறுமொழி 8

ஷிரகாவா-கோவுக்குத் தகயாமாவிலிருந்து 50 நிமிடம். கனசாவா போகும் பேருந்துகளுக்கு முன்பதிவு வேண்டும். தகயாமா–ஷிரகாவா-கோ இடையே சில வண்டிகளுக்கு உண்டு, சிலவற்றுக்கு இல்லை. ஷிரகாவா-கோ–கனசாவா இருக்கையை முதலில் பிடியுங்கள், அதற்கேற்ப மற்றதை அமையுங்கள். பெட்டியை இந்த முறையும் தகயாமாவிலிருந்து கனசாவாவுக்கு அனுப்பிவிட்டால் கிராமத்தில் கைவீசி நடக்கலாம்.

1995-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கிராமம். ஆனால் அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். கூரை 60 டிகிரி வரை செங்குத்தாக இருப்பது பனி வழுக்கி விழட்டும் என்பதற்கு. எல்லாம் வைக்கோல் போன்ற புல், ஒரு பொறி போதும், ஆகவே குறிப்பிட்ட இடம் தவிரப் புகைக்கத் தடை. காட்சி மேட்டுக்கு 10:30-க்கு முன் ஏறினால் கூட்டமில்லாமல் படம் எடுக்கலாம்.

கனசாவாவிலிருந்து டோக்கியோ இரண்டரை மணியில். ‘ககயாகி’ ரயில் முழுக்க முன்பதிவு, ‘ஹகுதகா’வில் முன்பதிவில்லாப் பெட்டிகள் உண்டு, நிறுத்தமும் அதிகம். டோக்கியோ–ஒசாகா தடமான டோக்கைடோ சின்கான்செனில் மூன்று பக்கக் கூட்டு 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்குத் தனி இருக்கை பதிவு கேட்பார்கள். இல்லாவிட்டால் 1,000 யென் கட்டணம். கனசாவா வழியான ஹொகுரிகு தடத்தில் அந்த விதி இல்லை. கடைசி வரிசை இருக்கை எடுத்தால் பின்னாலுள்ள இடைவெளியில் பெட்டி நிற்கும்.