பரந்தூர் விமான நிலையம்: சூரியத் தகடுகள் மட்டும் போதுமா?

கேள்வி (இறுதியாண்டு சிவில் மாணவர், கிண்டி)
வணக்கம். 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையம் ஆண்டுக்கு 10 கோடிப் பயணிகளைக் கையாளும் அளவில் திட்டமிடப்பட்டுள்ளது. அது சுற்றுச்சூழலுக்கு உகந்ததாக அமைய, சூரிய மின்சாரத்துக்கு அப்பால் எவற்றைக் கவனிக்க வேண்டும்? ஆய்வேட்டுக்காகக் கேட்கிறேன்.

மறுமொழி (விமான நிலையத் தரைப்பணியாளர், பல்லாவரம்)
நின்றுகொண்டிருக்கும் விமானத்தைப் பாருங்கள் தம்பி. பெரிய எஞ்சின்கள் அணைந்த பிறகும், விளக்குக்கும் ஏசிக்குமாக வாலில் உள்ள ஏபியு என்னும் சிறு டர்பைன் ஓடிக்கொண்டேயிருக்கும். பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது, எரிந்த மண்ணெண்ணெய் வாடை சட்டையில் ஏறிவிடும். ஒவ்வொரு நிறுத்துமிடத்திலும் மின்கேபிளும் குளிர்காற்றுக் குழாயும் தொடக்கத்திலேயே அமைத்துவிட்டால், பெரும்பாலான நேரம் அதை அணைத்து வைக்கலாம்.

மறுமொழி (ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர், காஞ்சிபுரம்)
நான் தண்ணீரைத்தான் முதலில் சொல்வேன். கொச்சி, 2015 ஆகஸ்டில் முழுவதும் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையமானது; 2018 ஆகஸ்டில் பெரியாற்று வெள்ளம் புகுந்து இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. அடையாற்றின் மேல் பாலம் கட்டி ஓடுபாதையை நீட்டிய நம் மீனம்பாக்கமும் 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூடப்பட்டது. பரந்தூர்த் திட்டப் பரப்புக்குள்ளோ, பாலாற்று நீரை ஏரி ஏரியாகக் கொண்டு செல்லும் கம்பன் கால்வாய் ஓடுகிறது. மேல் ஏரி நிரம்பி, கலங்கல் என்னும் உபரிநீர்ப் போக்கியில் வழிவதுதான் கீழ் ஏரிக்கு வரத்து. நடுவில் ஒன்றைத் தூர்த்துவிட்டு, அதே கொள்ளளவில் வேறெங்கோ குளம் வெட்டினால் ஏட்டில் கணக்கு நேராகும், ஆனால் கீழே ஏரிப் பாசன நிலமான ஆயக்கட்டு காயும், மேலே ஊருக்குள் நீர் ஏறும். (என் பணிக்காலத்தில், ஒரு கலங்கலை முக்கால் அடி உயர்த்தியதற்கே நாற்றங்கால் முழுகியதைக் கண்டிருக்கிறேன்.) மண் கொட்டி மேடாக்கும் முன் ஒவ்வொரு கலங்கலின் மட்டத்தையும் அளந்தாக வேண்டும்.

மறுமொழி (பூந்தமல்லி)
திட்டப் பரப்புக்குள் வரும் ஏகனாபுரத்தில் எங்கள் உறவினர்கள் இருக்கிறார்கள். அவ்வூர் மக்கள் 2022 முதல் போராடி வருகிறார்கள். எந்த மழைக்கு எந்த ஏரி முதலில் நிரம்பும் என்பது அவர்களுக்குத் தெரியும். நிலத்தை இழக்கப் போகிறவர்களிடம் நேரில் சென்று கேட்காமல் உங்கள் ஆய்வை முடித்துவிடாதீர்கள்.

கேட்டவர்
மிக்க நன்றி. காஞ்சிபுரம் ஐயாவுக்கு: கலங்கல் மட்டங்களின் பழைய பதிவுகள் எங்கே கிடைக்கும்?

மறுமொழி (காஞ்சிபுரம்)
நீர்வளத் துறை அலுவலகத்தில் கல்லூரிக் கடிதத்துடன் கேளுங்கள். ஆனால் பதிவேட்டை மட்டும் நம்பாமல், மட்டக்கருவியோடு கரைமேல் ஏறி நீங்களும் அளந்து பாருங்கள்.