சியர்ஃபுல்னஸ்: முகமா, அகமா?

குழுவினருக்கு வணக்கம். ஒருவரது இயல்பை அளக்கும் ஆளுமை வினாநிரல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பெரும்பண்புகள் 5, ஒவ்வொன்றிலும் 6 உட்கூறுகள். 'எக்ஸ்ட்ராவெர்ஷன்' (புறமுக இயல்பு) என்பதன்கீழ் 'சியர்ஃபுல்னஸ்', அதாவது சிரித்து மகிழ்ந்திருக்கும் இயல்பு, வருகிறது. அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம்? மகிழ்ச்சி 'ஹேப்பினஸ்'க்குப் போய்விட்டது. உற்சாகம் என்றால் அதே பட்டியலில் உள்ள 'எக்ஸைட்மென்ட் சீக்கிங்' (பரபரப்பை நாடுதல்) சண்டைக்கு வரும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.
– மொழிபெயர்ப்பாளர்

முகமலர்ச்சி. யோசிக்கவே வேண்டாம். 'சியர்' என்றாலே முதலில் முகம்தான். பிற்கால இலத்தீனில் 'காரா', அதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலம். ஸ்பானிய மொழியில் இன்றும் 'காரா' முகமே. இடைக்கால ஆங்கிலத்தில் 'சியர்' வாடியும் இருக்கலாம், மலர்ந்தும் இருக்கலாம். அதனால் 'நல்ல' என்று அடை கொடுத்தார்கள். பிறகு அடை உதிர்ந்தது. நம் 'நாற்றம்' கெட்ட வாடைக்கே உரியதானது. இது நல்லதற்கே உரியதானது. பிரெஞ்சுக்காரர்களிடம் 'போன் ஷேர்' நல்ல சாப்பாடாகவே ஆகிவிட்டது! முகம் கொடுத்து வரவேற்பதில் தொடங்கி இலையில் போய் முடிந்திருக்கிறது. 'முகனமர்ந்து நல்விருந்து ஓம்புவான்' என்று வள்ளுவர் இரண்டையும் ஒரே குறளில் வைத்துவிட்டார்.
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, இலத்தீன் வரை ஏன் போகவேண்டும்? 'சீர்' அல்லவா 'சியர்' ஆயிற்று! சீர்மை என்றே வைக்கலாம்.
– வேர்ச்சொல் அன்பர்

ஒலி ஒத்தால் உறவாகிவிடுமா? 'காரா' எங்கே, சீர் எங்கே? சீர்மையும் வேறு வேலையில் இருக்கிறது, விட்டுவிடுங்கள்.
– தமிழாசிரியர்

முகமலர்ச்சியில் எனக்கு ஒரு நெருடல். கடைக்காரரும் முகம் மலர்ந்துதான் பேசுகிறார். 'முகநக நட்பது நட்பன்று' என்ற குறளை ஆசிரியர் ஐயா மறந்திருக்க மாட்டார். அகநக நட்பதே நட்பு என்றால், இதற்கு 'அகநகை' பொருந்தும்.
– ஆய்வு மாணவி

அம்மா, சொல் அழகுதான். ஆனால் முடிவறிக்கையைக் கையில் வாங்குபவர் 'உங்கள் அகநகை குறைவு' என்று படித்தால் பல் மருத்துவரிடம் போய்விடுவார். தொல்காப்பியத்து உவகையும் உதவாது. செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என ஏதோ ஒன்று நேர்ந்தால் பிறப்பது அது. இங்கே கேட்பது ஒருவரது இயல்பை. ஊரில் 'கலகலப்பான ஆள்' என்கிறோமே, அது போதாதா?
– உளவியல் விரிவுரையாளர்

கலகலப்புக்குக் கூட்டம் வேண்டும். கூடிப்பழகும் விருப்பம் இதே பட்டியலில் தனி உட்கூறு. தனியாக உட்கார்ந்து தானே சிரித்துக்கொள்பவரை எங்கே சேர்ப்பீர்கள்?
– ஆய்வு மாணவி

குதூகலமானவரைக் குறிக்க ஆங்கிலத்தில் 'ஜோவியல்' என்று ஒன்று உண்டு. வியாழன் கோளின் ஆதிக்கத்தில் பிறந்தவர் என்பதே அதன் கருத்து. குருபார்வை...
– வேர்ச்சொல் அன்பர்

ஐயா, சோதிடம் வேண்டாம்! மூவர் முகமலர்ச்சிக்கு, இருவர் கலகலப்புக்கு, ஒருவர் அகநகைக்கு. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கலைச்சொல் பட்டியலில் 'முகமலர்ச்சி' போடுகிறேன். வினாக்களில் 'எதற்கும் சிரித்த முகமாக இருப்பேன்', 'வாய்விட்டுச் சிரிப்பேன்' என்று நேராகவே எழுதிவிட்டேன். அங்கே கலைச்சொல்லே தேவைப்படவில்லை.
– மொழிபெயர்ப்பாளர்

போடுங்கள். ஆனால் அந்தக் கடைக்காரர் முழு மதிப்பெண் வாங்குவார். அடுத்த பதிப்பில் மறுபடியும் கேட்பேன்.
– ஆய்வு மாணவி