கான்சாய் முறை சுகியாக்கி: அனுபவம் உள்ளவர்களின் உதவி தேவை

குழுவினருக்கு வணக்கம். ஒசாகாவில் உள்ள எங்கள் வீட்டுக்கு வரவிருக்கும் விருந்தினர்களுக்காக, மேசை நடுவே அடுப்பை வைத்து எல்லோரும் சேர்ந்து உண்ணும் சுகியாக்கியை (மெல்லிய மாட்டிறைச்சியும் காய்களும் சேர்ந்த ஜப்பானியச் சட்டி உணவு) இவ்வூர் அடங்கிய கான்சாய் பகுதியின் வழக்கப்படியே சமைக்க விரும்புகிறேன். டோக்கியோ பக்கத்துக் கான்டோ முறையில் சோயா சாஸ், மிரின் (இனிப்பான சமையல் அரிசி மது), சாக்கே (அரிசி மது), சர்க்கரை ஆகியவற்றை முன்கூட்டியே கலந்து வைத்த வாரிஷிதா என்னும் சாற்றை ஊற்றிச் சமைப்பதால், சுவையின் அளவு நம் கைக்குள் இருக்கும். கான்சாய் முறையிலோ, சூடேறிய இரும்புச் சட்டியில் மாட்டுக் கொழுப்பைத் தேய்த்து, மெல்லிய இறைச்சித் துண்டுகளை இட்டு, அவற்றின் மேலேயே சர்க்கரையைத் தூவிச் சோயா சாஸை விட வேண்டும். அந்த முதல் துண்டின் மணத்துக்கு ஈடில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

என் ஐயம் அடுத்த கட்டத்தைப் பற்றியது. சீன முட்டைக்கோஸ், நேகி (ஜப்பானிய நீள வெங்காயம்), ஷிடாக்கே காளான், டோஃபு, ஷிராடாக்கி (கொன்யாக்கு கிழங்கு நூடுல்ஸ்) ஆகியவற்றைச் சேர்த்ததும் கோஸ் நீர் விட்டுச் சாறு நீர்த்துவிடுகிறது. அப்போது சர்க்கரையையும் சோயா சாஸையும் எந்த விகிதத்தில் கூட்டுவீர்கள்? சாறு வற்றினால் சேர்ப்பது சாக்கேயா, தாஷியா (கடற்பாசி, உலர்மீன் கொண்டு செய்யும் ஜப்பானியச் சாறு)? மேலும், தொட்டு உண்ணத் தரும் பச்சை முட்டையை ஏற்காத விருந்தினருக்கு மாற்றாக எதை வைக்கலாம்? கான்சாய் பகுதியில் வசிப்பவர்கள் தங்கள் வீட்டு வழக்கத்தை விரிவாக எழுதினால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.