புதுப்பிப்பு: ட்ரயல்ஸ் சைக்கிளுக்கு சஸ்பென்ஷன் போர்க், போட்டு ஓடிப் பாத்தாச்சு

26 இஞ்சி சில்லுள்ள ட்ரயல்ஸ் சைக்கிளுக்கு (கால் நிலத்தில வைக்காம சுவர், கல்லுகளில பாய்ஞ்சு ஏறுற சைக்கிள்) சஸ்பென்ஷன் போர்க் (முன் சில்லைப் பிடிக்கிற, அமுங்கி எழும்புற கவர்) சரிவருமா எண்டு முந்திக் கேட்டிருந்தன், பாதிப்பேர் போடு, பாதிப்பேர் வேண்டாம் எண்டீங்கள். வெள்ளவத்தையில தெரிஞ்ச அண்ணா ஒராள் 100 மிமீ ட்ராவல் (அமுங்குற தூரம்) உள்ள போர்க் ஒண்டு இரவல் தந்தார், என்ர மகுரா ரிம் பிரேக் (சில்லு விளிம்பைப் பிடிக்கிறது) பூட்ட அதில இடமே இல்ல, டிஸ்க் பிரேக் (சில்லின்ர நடுவில இருக்கிற தட்டைப் பிடிக்கிறது) மட்டும்தான், அதால டிஸ்க் பூட்டுற முன் சில்லும் அவரிட்டயே வாங்கவேண்டியதாப் போச்சு.

முன் சில்லைத் தூக்க ஹாண்டிலை அமத்தினா அந்த அமத்தத்தை முதல்ல போர்க் குடிச்சுப்போட்டு பிறகுதான் சில்லு எழும்புது, சுவர் விளிம்பில பிரேக்கைப் பிடிச்சு பலன்ஸ் பண்ணேக்க முன்பக்கம் மெல்ல அமுங்கி வருது, கால் வச்சிடுவன். என்ர பழைய ரிஜிட்டை (அமுங்காத போர்க்) விட நீளமும் கூட, ஹாண்டில் உயந்து ஹெட் ஆங்கிள் (போர்க் நிக்கிற சாய்வு) இன்னும் சரிஞ்சிட்டு. லொக்அவுட் (போர்க் அமுங்காமப் பூட்டுறது) போட்டா ஆட்டம் நிக்குது, உயரமும் பாரமும் அப்பிடியேதான், பிறகு எதுக்கப்பா அது?

மேல இருந்து முன் சில்லில விழேக்க மணிக்கட்டுக்கு சுகம்தான், அதை மறுக்கேல்ல. காட்டுப்பாதையிலயும் ஓடுறவை யோசிக்கலாம். நான் கழட்டிக் குடுத்திட்டன், இப்ப பழையபடி ரிஜிட்.

முன்னுக்கு டிஸ்க் போடலாமோ எண்டுதான் இப்ப யோசனை, பாவிச்ச ஆக்கள் சொல்லுங்கோ.