பிரஷர் குளுசையும் எள்ளுப் புரதமும்: விசயம் இருக்கோ, சும்மா கதையோ?

வடமராட்சியான்
அப்பாவுக்கு 68 வயசு. பிரஷருக்கு எனலபிரில் குளுசை போடுறவர். போன கிழமை ஆரோ வட்ஸ்அப்பில அனுப்பினதாம், "எள்ளுப் புரதத்தில பிரஷரைக் குறைக்கிற பெப்ரைட்டு இருக்கு, குளுசை செய்யிறதும் அதே வேலைதான்" எண்டு. இப்ப குளுசையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுறார். காலமை வெறுவயித்தில 2 கரண்டி நல்லெண்ணெய் வேற. உண்மையே இது?

ஆய்வுகூடப் பூனை
அடிப்படை உண்மைதான். உடம்பில ஏ.சி.ஈ எண்டொரு நொதியம் இருக்கு. இரத்தக் குழாயைச் சுருக்கிற ஆஞ்சியோரென்சின் 2 அதாலதான் உருவாகுது. எனலபிரில் மறிக்கிறது அந்த நொதியத்தைத்தான். எள்ளு, சோயா, பயறு மாதிரி விதைப் புரதங்களைப் பெப்சின், திரிப்சின் எண்ட செமிபாட்டு நொதியங்கள் போட்டு வெட்டினால் சின்னத் துண்டுகள் வரும், 2, 3 அமினோ அமிலம் மட்டும் கோர்த்ததும் அதில இருக்கும். அந்தத் துண்டுகளைத்தான் பெப்ரைட்டு எண்டுறது. அதில சிலது நொதியத்தின்ர அதே இடத்தில போய்க் குந்தும். முழுப் புரதமாக் கிடக்கேக்க ஒண்டும் செய்யாது, வெட்டினாப் பிறகுதான் வேலை. எனலபிரில் மாதிரியே வேலை செய்யிற கப்ரோபிரில் குளுசையின்ர தொடக்கமும் பிரேசில் நாட்டு விரியன் பாம்பின்ர விசத்தில இருந்த பெப்ரைட்டுத்தான். பாம்பில இருந்து வரலாமெண்டால் எள்ளில இருந்து ஏன் வராது?

மருந்துக்கடை அக்கா
தம்பி, பாம்பு விசத்தைக் குடிச்சு ஒருத்தரும் பிரஷர் குறைக்கேல்லை. அந்த விசப் பெப்ரைட்டை ஊசியாத்தான் ஏத்த வேண்டியிருந்தது, வாயால குடுத்தால் வேலை செய்யாது. அதனாலதான் 1970களில குஷ்மன், ஒண்டெற்றி எண்ட ரெண்டு ஆய்வாளர்கள் வாயால குடுக்கக்கூடிய சின்ன மூலக்கூறைக் கட்டினவை, அதுதான் கப்ரோபிரில். நீங்கள் சொன்ன உதாரணமே உங்களுக்கு எதிரா நிக்குது. பலத்திலயும் எட்டாத தூரம். குளுசை மறிக்கிற அளவுக்கு மறிக்க, விதைப் பெப்ரைட்டு அனேகமா நூறு, ஆயிரம் மடங்கு கூட வேணும்.

செக்கடி
நான் படிச்சவனில்லை, செக்கோட வளந்தவன். ஒண்டு கேக்கிறன். எண்ணெயில எங்காலை புரதம்? புரதம் முழுக்கப் பிண்ணாக்கோட போயிடும். அதைத் திண்டு பலனெடுக்கிறது எங்கட மாடு. ஐயா எண்ணெயைக் குடிச்சு என்ன காணப்போறார்?

ஆய்வுகூடப் பூனை
செக்கடி அண்ணை சொன்னது சரி, அதை நான் முதலே சொல்லியிருக்க வேணும். எண்ணெயில இருக்கிறது செசமின், செசமோல். அன்டிஒக்சிடன்ற்தான், ஆனா பெப்ரைட்டு இல்லை. ஆனா அக்கா, ஒரேயடியா ஒதுக்காதேங்கோ. 2, 3 அமினோ அமிலத் துண்டுகளைச் சிறுகுடல் அப்பிடியே உள்ள எடுக்கும், அதுக்கெண்டு வழி இருக்கு. ஜப்பானில எள்ளுப் பெப்ரைட்டு போட்ட பார்லித் தேத்தண்ணி கடையில விக்குது. புளிச்ச பாலில வாற ரெண்டு பெப்ரைட்டை மனுசருக்குக் குடுத்துப் பாத்ததில சில ஆய்வுகளில பிரஷர் கொஞ்சம் இறங்கினது.

மருந்துக்கடை அக்கா
அதே பால் பெப்ரைட்டைத்தான் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாத்து, பிரஷரைக் குறைக்கும் எண்டதுக்கு ஆதாரம் போதாதெண்டு சொன்னது. விதையில வந்த ஆய்வுகள் பெரும்பாலும் சோதனைக் குழாயிலயும் பிரஷரோட பிறக்கிற எலியிலயும்தான். அன்டிஒக்சிடன்ற் கதையும் அப்பிடித்தான். அதுக்கு வழக்கமாச் செய்யிற சோதனை, சாமானை ஊதா நிறக் கரைசலுக்க விட்டு நிறம் மங்குதோ எண்டு பாக்கிறது. என்ர கடைத் தேயிலையும் மங்க வைக்கும். குழாய்க்க நடக்கிறதெல்லாம் இரத்தத்துக்க நடக்குமே?

ஆய்வுகூடப் பூனை
நடக்குமெண்டு நான் சொல்லேல்லை, தேடிப் பாக்க வேண்டிய இடம் எண்டுதான் சொல்றன். பிண்ணாக்கு மலிவு. நாளைக்கு அதில இருந்து ஒழுங்கா அளந்து ஒரு உணவுப் பொருள் செய்யலாமெண்டால் எங்கட செக்குக்காரருக்கும் நல்லது. ஆனா அதை நம்பி அப்பா குளுசையைக் குறைக்கிறது பிழை, அதில நானும் அக்காவோடதான்.

மருந்துக்கடை அக்கா
அது காணும். வடமராட்சியான், ஐயாவை இண்டைக்கே குளுசையை ஒழுங்காப் போடச் சொல்லுங்கோ. விட்ட குளுசைக்கு ஈடா ரெண்டு சேத்துப் போட வேண்டாம். நாளைக்குக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய் பிரஷரைப் பாருங்கோ. ஊறுகாய், கருவாடு, மோர்மிளகாய் எவ்வளவு போகுது எண்டும் பாருங்கோ. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள்ள நிக்க வேணுமெண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. எள்ளுப்பாகு ஆசைக்கு ஒண்டு திண்டால் குற்றமில்லை, சீனி வருத்தம் இல்லாட்டி.

வடமராட்சியான்
நன்றி எல்லாருக்கும். அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினன். குளுசைக்கு ஓமெண்டிட்டார். எண்ணெயையும் விட்டிட்டார். இப்ப பிண்ணாக்கு கிலோ என்ன விலையெண்டு கேக்கிறார்.

செக்கடி
மாட்டுக்கோ எண்டு கேட்டுத்தான் நிறுப்பம். ஓமெண்டு சொல்லச் சொல்லுங்கோ.